பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை

கேம் டிசைனர் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஐடியா எல்லாம் எங்கேருந்து வருது?" என்பதுதான். ஐடியாவுக்கு எனக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டதும், எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் வேறொரு வேலை. நான் செய்த கேமை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்ப்பதுதான் அது. பணம், வரி, கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு பக்கம், கேமை உருவாக்க உதவும் மென்பொருளான எஞ்சினின் தேர்வு என்று மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு வேலையைத் தொடர்ந்து செய்ய முடிகிற மாதிரி அமைத்துக்கொண்டால், தனியாக கேம் செய்து பிழைக்க முடியும் என்று நம்புகிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது மதுரையில். நான் வெளியிட்ட கேமில் நீங்கள் ஒரு நீர்க்கட்டி. கண்மாய்த் தண்ணீரை மடை திறந்து, வாய்க்கால் வழியாக வயல் வயலாகப் பங்கிட வேண்டும். மழை வராது. நாளுக்கு நாள் கண்மாயின் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். தலைமடையில் இருப்பவர் கொடுத்தது போதாது என்பார். கடைமடையில் பயிர் வாடும். யாருக்கு எப்போது எவ்வளவு என்று முடிவு செய்வது மட்டும்தான் ஆட்டம். எங்கள் பெரியப்பா ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல்லாகக் கூலி வாங்கியவர். அந்த வேலைக்குள் இருக்கும் கணக்கும் வழக்கும் சமாதானமும் ஒரு கேமுக்குத் தாங்கும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதைச் செய்யலாம் என்ற தைரியம் வந்தது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாடிய பிறகு. 2013-இல் லூகாஸ் போப் தனி ஆளாகச் செய்து வெளியிட்டது. எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு வேலையின் நடைமுறையை அப்படியே ஆட்டத்தின் விதியாக்கினால், அந்த வேலையைச் செய்யும் மனிதரின் நெருக்கடி தானாக விளையாடுபவரிடம் வந்துவிடும். அதற்குக் கதை வசனம் நிறையத் தேவையில்லை.

முதல் வடிவம் ஒரு கேம் ஜாமில் பிறந்தது. 'குளோபல் கேம் ஜாம்' என்று 2009-இலிருந்து வருடந்தோறும் நடக்கிறது. 48 மணி நேரத்தில் ஒரு கேம் என்பதுதான் பல வருடங்கள் அதன் அடிப்படையாக இருந்தது. இப்படிப்பட்ட ஜாம்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2018-இல் வந்து உலகமெங்கும் பேசப்பட்ட 'செலஸ்ட்' கூட முதலில் பிகோ-8 என்ற சின்ன கற்பனைக் கணினிக்காக நான்கே நாளில் செய்யப்பட்ட ஒரு குட்டி கேம்தான். என் ஜாம் வடிவத்தில் படமே கிடையாது. வயலுக்குப் பழுப்புச் சதுரம், தண்ணீருக்கு நீலச் சதுரம், மடைக்குக் கறுப்புக் கோடு. சதுரங்களோடு சுவாரசியமாக இருந்தால் அதற்குப் படம் வரையலாம். சதுரங்களோடு சலிப்பாக இருக்கும் ஒன்றை அழகான படம் காப்பாற்றாது. இது என் அனுபவத்தில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

அப்புறம்தான் பார்க்கும் வேலை ஆரம்பித்தது.

முதலில் உட்கார்ந்தவன் என் சித்தி மகன், பத்தாம் வகுப்பு படிப்பவன். மடையைச் சொடுக்கித் திறக்க வேண்டும் என்பது எனக்கு வெட்டவெளிச்சம். அவனோ தண்ணீரைச் சொடுக்கினான், மறுபடியும் தண்ணீரையே சொடுக்கினான். "அண்ணே, இது வேலை செய்யுதா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பதில் சொல்லவில்லை. அடுத்து விளையாடிய பக்கத்து வீட்டு அக்காவும் தண்ணீரைத்தான் தொட்டார். கண் எதைப் பார்க்கிறதோ, கை அங்கேதான் போகும். 'மடையைச் சொடுக்கவும்' என்று ஒரு வாசகம் போட்டால் முடிந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வாசகங்களைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. அதனால் தண்ணீரைத் தொட்டால், அதைத் தடுத்து நிற்கும் மடைப் பலகை லேசாக ஆடி, கிரீச் என்று சத்தம் போடும்படி மாற்றினேன். அதன் பிறகு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மடைக்குப் போனார்கள். தவறான இடத்தைத் தொட்ட கைக்கு கேம் ஒரு பதில் சொல்ல வேண்டும். மௌனமாக இருந்தால், ஆள் தன்னைத்தான் முட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார்.

நிறத்திலும் ஒரு சிக்கல் வந்தது. நான் பார்த்து வளர்ந்த கண்மாய்த் தண்ணீர் செம்மண் கலங்கிய பழுப்பு. நீலச் சதுரத்தை எடுத்துவிட்டு அப்படியே வரைந்தேன். பார்த்தவர்கள் அதை மண் என்றார்கள். மறுபடி நீலமாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது. பழுப்பை வைத்துக்கொண்டு, ஓட்டத்தைக் காட்டும் வெள்ளைக் கீற்றுகளைச் சேர்த்தேன், வெயில் பளபளப்பைச் சேர்த்தேன். அசைவு வந்ததும் அதைத் தண்ணீர் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதே சமயம், பயிர் நலமா வாடுகிறதா என்பதைப் பச்சை சிவப்பால் மட்டும் காட்டக் கூடாது என்பதையும் சரிசெய்தேன். அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வாடும் பயிர் தலை சாயும்படி வரைந்தால் நிறமே வேண்டியதில்லை.

கைக்குக் கிடைக்கும் உணர்வைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் ஏதாவது நடப்பதற்கும் நடுவே சில ஃபிரேம் கூடினாலே கை அதை உணர்ந்துவிடும். மடை மெதுவாக மேலேறி, பிறகு தண்ணீர் பாய்வது பார்க்க அழகுதான். ஆனால் விளையாடியவர்கள் இரண்டாம் முறை சொடுக்கி, திறந்த மடையையே மூடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் வேகத்தை மாற்றவில்லை. இரும்புத் திருகு நகரும் ஒலியை மட்டும் சொடுக்கிய அதே கணத்துக்குக் கொண்டுவந்தேன். 'நீ சொன்னது கேட்டுவிட்டது' என்று உடனே தெரிந்தால், தண்ணீர் வரும் வரை மனிதர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம் 'கயோட்டி டைம்'. குதித்துத் தாவும் கேம்களில், விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில ஃபிரேம் வரை குதிக்க அனுமதிப்பார்கள். செலஸ்டிலும் இது உண்டு. விளையாடுபவருக்கு அது தெரியாது, தான் சரியான நேரத்தில் குதித்ததாகவே நினைப்பார். இதே தயவை நான் பயிருக்குக் கொடுத்தேன். காய்ந்துவிடும் என்று காட்டும் நாளில் பயிர் காயாது, அதற்கு மறுநாள்தான் காயும். 'கடைசி நேரத்துல காப்பாத்திட்டேன்!' என்று நிமிர்ந்து உட்காரும் அந்த முகத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

ஆட்டத்தை முழுசாக மாற்றியது பெரியப்பா. எண்பதை நெருங்குகிறவர், மௌஸ் பிடித்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் சொடுக்கினேன். முதல் வயலுக்குத் திறந்தபோதே நிறுத்தச் சொன்னார். "ஏம்ப்பா, தண்ணி கொறஞ்ச வருசம் தலைமடையிலயா மொற ஆரம்பிப்பாக? கடைமடையில இருந்துல்ல வைப்போம். வாய்க்கா ஓடையிலேயே கசிவுல மேல இருக்கவனுக்குக் கொஞ்சம் ஈரம் கெடைச்சிரும்" என்றார். என் கேமில் கசிவே இல்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடும், வயலுக்குள் போகும், அவ்வளவுதான். கசிவைச் சேர்த்த அன்று ஆட்டத்துக்கு ஆழம் வந்தது. வாய்க்கால் எந்தெந்த வயலோரமாகப் போகிறது, தண்ணீரை எந்த வழியாகக் கொண்டுபோனால் போகிற போக்கில் யார் பிழைப்பார் என்பதெல்லாம் யோசிக்க வேண்டியதாயிற்று. எந்த மென்பொருள் பாடமும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. ஒரு வேலையைப் பற்றி கேம் செய்தால், அந்த வேலையைச் செய்தவரை அழைத்து உட்கார வையுங்கள்.

ப்ளேடெஸ்ட், அதாவது இப்படி விளையாட வைத்துப் பார்க்கும் சோதனை, செய்ய நான் வைத்திருக்கும் முறை எளிமையானது. விளக்கம் சொல்ல மாட்டேன், அவர் சிக்கிக்கொண்டாலும் சொல்ல மாட்டேன். கை எங்கே போனது, எப்போது பெருமூச்சு விட்டார், எப்போது நாற்காலியில் முன்னால் நகர்ந்தார் என்று நோட்டில் எழுதுவேன். முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கவே மாட்டேன், ஏனென்றால் நம் ஊரில் யாரும் மனம் நோக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இந்தப் பலகை எதுக்குன்னு நினைச்சீங்க?" என்று கேட்பேன். "இப்படி மாத்துங்க" என்று அவர்கள் சொல்லும் தீர்வுகளைவிட, எந்த இடத்தில் அதைச் சொல்லத் தோன்றியது என்பதே எனக்கு முக்கியம். இன்னொன்று, ஒருவர் முதன்முறையாக விளையாடுவது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். அதனால் தெரிந்தவர்கள் எல்லோரையும் முதல் மாதத்திலேயே உட்கார வைத்துவிடாதீர்கள். சிலரைக் கடைசி வரை காட்டாமல் சேமித்து வையுங்கள்.

சரி, இவ்வளவு நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி? வெற்றிக் கதைகளில் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 'ஸ்டார்டியூ வேலி' 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. எரிக் பரோன் நான்கரை வருடம் போல உழைத்து, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்தது. அந்த வருடங்களில் அவர் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் ரசிகர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார் என்பதும், அவருடைய துணைவியின் சம்பாத்தியம் வீட்டைத் தாங்கியது என்பதும் அந்த வெற்றியின் சரிபாதி. என்னைப் பொறுத்தவரை, வாரத்தின் ஒரு பாதி மற்றவர்களுக்குச் செய்யும் வேலைக்கு, அதாவது பள்ளிப் பாடத்துக்கான சின்ன கேம்கள், விளம்பர கேம்கள், வேறு குழுக்களின் லெவல் வடிவமைப்பு. மறு பாதி என் கேமுக்கு. அந்த வருமானம் இல்லாமல் போயிருந்தால் பாதி வெந்த கேமை அவசரமாக வெளியிட்டிருப்பேன்.

வெளி வேலை எடுக்கும்போது பணத்தைத் தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது ஒரு பங்கு, ஓடும் வடிவம் காட்டும்போது ஒரு பங்கு, முழு சோர்ஸ் கோடு (கேமின் மூல நிரல்) ஒப்படைக்கும் முன் மீதி. ஒரு வாடிக்கையாளர் வேலை முடிந்த பிறகு பல மாதம் இழுத்தடித்தார். சோர்ஸ் கோடு என்னிடம் இருந்ததால்தான் கடைசியில் பணம் வந்தது. வேலையில் 'திருத்தம்' எத்தனை முறை என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டீம். ஒரு கேமைப் பதிவு செய்ய 100 டாலர் கட்டணம். அந்த கேம் 1,000 டாலர் விற்பனையைத் தொட்டதும் அது திரும்பக் கிடைக்கும். கட்டணம் கட்டி 30 நாளுக்குப் பிறகுதான் வெளியிட முடியும். 'விரைவில்' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரம் எதற்கும் போதாது. பக்கத்தைப் பல மாதம் முன்பே திறந்து விஷ்லிஸ்ட், அதாவது பின்னால் வாங்கலாம் என்று குறித்துவைப்பவர்களை, சேர்க்க வேண்டும். கேம் வெளிவரும் நாளிலும், 20 சதவீதத்துக்குக் குறையாத தள்ளுபடி கொடுக்கும்போதும், விஷ்லிஸ்டில் வைத்தவர்களுக்கு ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்புகிறது. தனி ஆளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. வருடத்தில் மூன்று முறை நடக்கும் ஸ்டீமின் டெமோ திருவிழாவான 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்'டில் ஒரு கேம் ஒரே ஒரு தடவைதான் டெமோவோடு (இலவசமாக விளையாடிப் பார்க்கத் தரும் பகுதி) கலந்துகொள்ளலாம். எனவே டெமோ உறுதியான பிறகே அதற்குப் போங்கள்.

விலைக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். 10 டாலர் கேம் பாதித் தள்ளுபடியில் 5 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீமின் பங்கு 30 சதவீதம் போக 3.50. வாங்கியவர் அமெரிக்காவில் இருந்தால் அங்கே வரி பிடிப்பார்கள். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தையும் நம் பான் எண்ணையும் படிவத்தில் ஒழுங்காகக் குறிப்பிட்டிருந்தால் 15 சதவீதம், இல்லாவிட்டால் 30. முதல் வகையில் கையில் நிற்பது மூன்று டாலருக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் 2.45. அங்கே பிடித்த வரியை இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ள வழி உண்டு. வெளிநாட்டு வருமானம் பார்த்துப் பழகிய ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரீஃபண்ட் விதியையும் வடிவமைப்பின் பகுதியாகவே பார்க்கிறேன். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். சின்ன கேம் செய்பவர்களுக்கு இது பயமாகத் தெரியும். இதற்காக ஆட்டத்தை இழுத்து நீட்டாதீர்கள். நீட்டிய இடம் எது என்று விளையாடுபவருக்குத் தெரிந்துவிடும்.

எஞ்சின் விஷயத்தில் என் முடிவுக்குக் காரணம் தமிழ் எழுத்து. 'கெ' என்ற எழுத்தைக் கணினி ககரத்தை முதலில் வைத்து, கொம்பைப் பின்னால் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத எஞ்சினில் 'கொ', 'கோ' எல்லாம் சிதறிப்போய்விடும். எழுத்துருவைத் தில்லுமுல்லு செய்து ஒப்பேற்றலாம்தான். ஆனால் எங்கள் ஊரைப் பற்றிய கேமில் தமிழை ஒப்பேற்ற எனக்கு விருப்பமில்லை. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-இல் இதற்கான ஏற்பாடு உள்ளேயே இருந்தது. அது எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் திறந்த மூல எஞ்சின் என்பதால் கட்டணமோ பங்கோ கிடையாது. அதே வருடம் செப்டம்பரில் யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினின் நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து, உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, மறுவருடம் அதை முழுவதுமாகக் கைவிட்டது. எந்த எஞ்சினை எடுத்தாலும் உரிம ஒப்பந்தத்தை முதலிலேயே படிப்பது, வருடக்கணக்கில் வேலை செய்யப்போகிறவருக்கு அவசியம்.

தமிழ் வாழ்க்கையைச் சொன்னால் உலகம் விளையாடுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 'வெண்பா'. டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், எழுத்து அழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு சமைக்கிறார். அழிந்துபோன படிகளைக் கண்டுபிடிப்பதுதான் புதிர். 2024-இல் இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலையாய பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதும் அதற்குக் கிடைத்தன. இட்லிப் பானையில் தட்டை எப்படி அடுக்குவது என்று இட்லியே பார்த்திராதவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது. வெளியூர்க்காரருக்குப் புரிய வேண்டும் என்று அவர்கள் எதையும் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யவில்லை.

வெளியீட்டுக்குப் பிந்தைய வாரங்களுக்கும் சக்தியை மிச்சம் வையுங்கள். முதல் நாளே சேவ் ஃபைல் அழியும் பக் ஒன்று ஒரு சிலருக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி, மறுநாளே பேட்ச் போட்டேன். அதில் இருவர் பிறகு வந்து நல்ல விமர்சனம் எழுதினார்கள். ஸ்டீமில் பத்து விமர்சனம் சேர்ந்த பிறகுதான் 'பாசிட்டிவ்' போன்ற மதிப்பீடே தெரியும் என்பதால், ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியும் பெரிது. ரீஃபண்ட் கேட்டவர்கள் எழுதும் காரணங்களையும் படிக்கிறேன். அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு வகை.

இப்போது ஃபோன் வடிவம் செய்துகொண்டிருக்கிறேன். கட்டைவிரல் மடையையே மறைத்துவிடுவதால், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஆட்களுக்குத் தெரியவில்லை. பலகையின் தலைப்பகுதியை உயர்த்தி, விரலுக்கு மேலே தெரிகிற மாதிரி வரைந்து பார்க்கிறேன். சனிக்கிழமை சித்தி மகனின் பள்ளி நண்பர்கள் சிலர் வருகிறார்கள். அவர்கள் யாரும் இதுவரை இதைத் தொட்டதில்லை.